1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில்: உங்கள் வாரம் எப்படிப் போகிறது?

கீழத்தெரு டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் 4, 5 வகுப்புகளைப் பார்க்கிறார். 1, 2, 3 என்னிடம். பதிவு 23. ஒன்றில் 9 பேர், இரண்டில் 6, மூன்றில் 8. பணியில் சேர்ந்து இதுதான் எனக்கு முதல் வருடம்.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசின் அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டம்) பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வந்தேன். எந்த வகுப்பு என்று பார்க்காமல், கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்தது), மலர் (மேல்நிலை) என்று பிரித்து உட்கார வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவே கையேட்டைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதி முடித்துவிடுவேன். திங்கள்கிழமை பதினொரு மணிக்குள் அது கையை விட்டுப் போய்விடுகிறது. மலர் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருப்பேன், அரும்பில் இரண்டு பேர் ஒரு ரப்பருக்காக அடித்துக்கொள்வார்கள். அவர்களைப் பிரித்துவிட்டுத் திரும்பினால் மொட்டுப் பிள்ளைகள் பயிற்சி நூலை நீட்டிக்கொண்டு "முடிச்சிட்டேன் டீச்சர், அடுத்து என்ன?" என்று வரிசையில் நிற்பார்கள். அதற்குள் கழித்தல் பாதியில் நின்றுபோயிருக்கும். செவ்வாய்க்கிழமை அதையே மறுபடி ஆரம்பிப்பேன். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுச் செயலியில் பதிவேற்ற வேண்டும், எங்கள் பள்ளியில் நெட்வொர்க் தென்பக்க ஜன்னலை ஒட்டி நின்றால்தான் கிடைக்கும். நான் ஜன்னலோரம் நிற்கும் நேரமெல்லாம் மற்ற இருபத்திரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள். வாரம் முடிந்து யோசித்துப் பார்த்தால், இந்த வாரம் இதைச் செய்தோம் என்று ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் உட்காருகிறான். நல்ல உயரம். அவன் தங்கை ஒன்றாம் வகுப்பு, அவளும் அரும்பு. இருவரும் ஒரே பாயில். வாசிக்கச் சொன்னால் அவன் வாயைத் திறப்பதில்லை. போன புதன்கிழமை 'பட்டம்' என்ற சொல்லைக் காட்டிக் கேட்டேன். அவன் பேசாமல் இருந்தான். தங்கை, "அவனுக்குத் தெரியாது டீச்சர், நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் வகுப்புக்கு வரவில்லை. தேடிப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சுவரில் கல்லால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு வருடக்கணக்காக நடத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு வாரம் நிஜத்தில் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். கையேட்டில் இருப்பது எனக்கும் தெரியும்.

கொல்லிமலை சார் எழுதியது:

வணக்கம் டீச்சர். சுருக்கமாக இரண்டு விஷயம்.

திங்கள்கிழமை புதுப் பாடம் எடுக்காதீர்கள். எங்கள் மலையில் சனி, ஞாயிறு பிள்ளைகள் காட்டுக்கும் வயலுக்கும் போய்விட்டு வருவார்கள். திங்கள் காலையில் அவர்கள் வாயில் அந்தப் பேச்சுதான் இருக்கும். அதைப் பேசவிட்டுப் படம் வரையச் சொல்வேன். படத்துக்குக் கீழே மலர் பிள்ளைகள் இரண்டு வரி எழுதுவார்கள், மொட்டுப் பிள்ளைகள் பொருள்களின் பெயரை எழுதுவார்கள், அரும்புப் பிள்ளைகள் வாயால் சொல்வதை நான் எழுதிக் கொடுப்பேன். ஒரு மணி நேரம் போகும். அப்புறம் வகுப்பு அடங்கி உட்காரும்.

அடுத்தது அந்த வரிசை. "அடுத்து என்ன" என்பதற்குப் பதில் நீங்களாக இருக்கும்வரை வரிசை நிற்கும். வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளியிலும் இருக்குமே, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையாக. அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காமல் ஒரு கூடையில் போட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வேலையை முடித்தவர் கூடைக்குப் போக வேண்டும், டீச்சரிடம் வரக்கூடாது. இது பழக எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் ஆனது. புத்தகம் ஓரம் கிழியும். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பையனைப் பற்றி எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

புளியமரத்தடி எழுதியது:

தங்கச்சி, உன் கேள்வியை நேற்றே படித்துவிட்டேன். இரவெல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் நின்றது. நீ என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவளாக இருப்பாய், அதனால்தான் ஒருமையில் எழுதுகிறேன்.

எனக்கு நத்தம் பக்கம் ஒரு பள்ளி. சர்வீஸ் 26 வருடம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது நானும் மேசை நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் பார்த்தாயிற்று. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது, அடுத்த ஆண்டே 4, 5க்கும் போனது. பெயரும் கையேடும் மாறின. ஒரே அறையில் மூன்று வயதுப் பிள்ளைகள் என்பது மட்டும் எங்களைப் போன்ற பள்ளிகளில் மாறவில்லை.

உன் வாரம் துண்டு துண்டாக இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். மூன்று குழுவுக்கும் மூன்று வெவ்வேறு பொருளைக் கொடுக்கிறாய். வாரத்துக்கு ஒரே பொருளை எடு. அரும்பும் மொட்டும் மலரும் அதையே தொடட்டும், அவரவர் கைக்கு எட்டியதைச் செய்யட்டும். பாடம் கையேட்டில் உள்ளதுதான், அதை மாற்ற வேண்டாம். கையில் இருக்கும் பொருள் மட்டும் ஒன்று. போன வருடம் மாசி மாதத்தில் நடத்திய ஒரு வாரத்தை அப்படியே சொல்கிறேன், உனக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்.

அந்தச் சமயம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு திண்ணையில் புளி உடைப்பார்கள். கொட்டை குவிந்து கிடக்கும். வெள்ளிக்கிழமையே பிள்ளைகளிடம், வரும்போது ஆளுக்கு ஒரு கை கொட்டை கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள்கிழமை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டினோம். எத்தனை இருக்கும் என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தை "நூறு" என்றது, அதற்குத் தெரிந்த பெரிய எண் அதுதான். மூன்றாம் வகுப்பில் ஒருவன் "ஆயிரம்" என்றான். சரி, எண்ணிப் பார்ப்போம். அரும்புப் பிள்ளைகள் பத்துப் பத்தாக எண்ணித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார்கள். மொட்டுப் பிள்ளைகள் பத்துச் சிரட்டை சேர்ந்ததும் ஓர் அட்டைப் பெட்டியில் கொட்டினார்கள். மலர் பிள்ளைகள் பெட்டிகளைப் பார்த்து மொத்தத்தை எழுத வேண்டும். நான்கு பெட்டி, மூன்று சிரட்டை, மீதி ஏழு. நானூற்று முப்பத்தேழு. எட்டுப் பேரில் ஐந்து பேர் 400307 என்று எழுதினார்கள்.

இது நம் பிள்ளைகளிடம் எப்போதும் வரும் பிழை, நீயும் பார்த்திருப்பாய். காதில் விழுகிறபடியே எழுதுகிறார்கள். நானூறு, அப்புறம் முப்பது, அப்புறம் ஏழு. அதைத் தப்பு என்று அடித்துவிட்டு 437 என்று எழுதிப்போட்டால் அடுத்த நாள் மறுபடி 400307தான் வரும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்து வைத்திருக்கிறேன். 400 எழுதிய அட்டை நீளம், 30 அதைவிடக் குட்டை, 7 அதைவிடக் குட்டை. வலது ஓரத்தைச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பூஜ்யங்கள் மறைந்து 437 நிற்கும். அட்டையைத் தூக்கினால் பூஜ்யம் அடியில் அப்படியே இருக்கும். ஒரு பெண் நாலைந்து தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அதற்குமேல் நான் விளக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை தமிழ். புளி, புலி. பள்ளி, பல்லி. குழி, குளி. எங்கள் பக்கம் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். வீட்டுப் பேச்சைக் கேலி செய்யும்படி ஒரு சொல்கூட வகுப்பில் வரக்கூடாது, இதில் நான் கறாராக இருப்பேன். அம்மா பேசுவது தப்பு என்று குழந்தை நினைத்துவிட்டால் அதற்கப்புறம் வாயையே திறக்காது. ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, நாக்கு எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். ல என்றால் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள என்றால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ என்றால் மடியும், ஆனால் தொடாது. அந்தத் 'தொடாது'தான் அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. அரும்புப் பிள்ளைகள் அதே நேரத்தில் தரையில் சாக்பீஸால் வரைந்த ப, ள மேல் கொட்டையை அடுக்கினார்கள். மலர் பிள்ளைகள் இரண்டு சொல்லையும் வைத்து வாக்கியம் எழுதினார்கள். "புலி புளி தின்னாது" என்று ஒருவன் எழுதியது இன்னும் சுவரில் இருக்கிறது.

புதன்கிழமை பல்லாங்குழி. பலகை வேண்டாம், தரையில் பதினான்கு வட்டம் போதும். குழிக்கு ஐந்து. அரும்புக்கு ஐந்து ஐந்தாக எண்ணிப் போடும் வேலை. மொட்டுக்கு 5, 10, 15 என்று 70 வரை சொல்லிக்கொண்டே போகும் வேலை. மலருக்கு 14 × 5, ஆட்டம் முடிந்ததும் யாரிடம் எத்தனை, இன்னொருவரைவிட எத்தனை கூட. கழித்தல் அங்கே தானாக வந்துவிடும். தோற்றவன் கணக்கைச் சரிபார்க்காமல் விடவே மாட்டான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பல வருடத்துக்கு முன் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டது. நான் கவனித்தபோது உள்ளே போய்விட்டிருந்தது. வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், டாக்டர் எடுத்துவிட்டார். அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்தை இன்றும் நினைத்தால் எனக்குக் கை நடுங்கும். அதற்கப்புறம் ஒன்றாம் வகுப்புக்குத் தனியாகக் கொட்டை கொடுப்பதில்லை, பாட்டில் மூடிதான். பெரிய பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் கொட்டை. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி டப்பாவை மூடுவேன்.

வியாழக்கிழமை மரத்தடி. அடிமரத்தைக் கயிற்றால் சுற்றி, கயிற்றை முழம் போட்டு அளந்தோம். ஒவ்வொருவர் முழமும் வேறு என்பதில் பெரிய சண்டை வந்தது, அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்புறம்தான் அளவுநாடாவை எடுத்தேன். புளிய இலை பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும், வீட்டுப் பக்கம் மரம் இருந்தால் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

மதிப்பீட்டை வெள்ளிவரை சேர்த்து வைக்காதே. புதனிலிருந்தே நாளுக்கு ஏழெட்டுப் பேரை, அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நோட்டில் குறித்துக்கொள். நோட்டிலிருந்து பதிவேற்ற அரை மணி போதும், அதற்குப் பிள்ளைகளை நிறுத்திவைக்க வேண்டாம். வெள்ளி மதியத்தை அவர்களுக்கு விடு. பழைய கம்பிப் பந்தல் என் வகுப்பில் இன்னும் இருக்கிறது. அந்த வாரம் செய்ததில் தனக்குப் பிடித்ததை ஒவ்வொருவரும் அதில் தொங்கவிட்டு ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்போது அந்தப் பையன். அவன் தமிழில் அரும்பு, சரி. கணக்கில் எங்கே இருக்கிறான் என்று தனியாகப் பார்த்தாயா? நிலை ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு, குழந்தைக்கு நெற்றியில் ஒட்டியது இல்லை. பாயிலேயே நிரந்தரமாக உட்காரவைக்கும்போது நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். என்னிடம் ஒருத்தி இருந்தாள், மூன்றாம் வகுப்பில் ஒரு சொல் வாசிக்க மாட்டாள். கொட்டை எண்ணும் அன்று பார்த்தேன், இரண்டு கையாலும் ஐந்து ஐந்தாகத் தள்ளிக்கொண்டே போகிறாள், கண் பார்த்தே எண்ணுகிறது. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து புளி உடைக்கிற பிள்ளை. அன்றிலிருந்து கொட்டை டப்பா அவள் பொறுப்பு. மற்றவர்கள் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும், அவள் எழுதி வைக்க வேண்டும். யாருக்கு எத்தனை என்று எழுதப் பெயர் தெரிய வேண்டுமே. அந்தப் பெயர்களைத்தான் அவள் முதலில் வாசித்தாள்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று. அவனைத் தங்கையின் பாயிலிருந்து எழுப்பு. காரணம் எதுவும் சொல்லாதே. கரும்பலகை ஓரத்தில் பதிவு, வருகை எழுதுகிற வேலையை அவனிடம் கொடு. 23, வந்தவர் 20, வராதவர் எத்தனை. சத்துணவுக் கூடத்தில் இன்று எத்தனை முட்டை என்று சொல்லிவிட்டு வருவதும் அவன் வேலையாக இருக்கட்டும்.

சத்துணவுக் கூடம் எழுதியது:

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை. சத்துணவு அமைப்பாளர். என் மகள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள், அவளுக்காக இதைப் படிப்பேன். சொல்லலாமா என்று தயங்கிவிட்டு எழுதுகிறேன்.

முட்டைக் கணக்கு சொல்ல வருகிற பிள்ளையை நாங்கள் பெரிய ஆளாகத்தான் பார்ப்போம். எங்கள் பள்ளியில் ஒரு பெண் தினமும் சீட்டு கொண்டுவருவாள். ஒருநாள் 31 என்று எழுதிவந்தாள், எண்ணிப் பார்த்தால் 13 பேர்தான் வந்திருந்தார்கள். திருப்பிப் படித்துக் காட்டினேன், ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் சீட்டைக் கொடுக்கும் முன் வாசலிலேயே நின்று ஒருமுறை படித்துப் பார்ப்பாள்.

இன்னொன்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகப் போய் உட்காருகிற பிள்ளையை எங்களுக்குத்தான் முதலில் தெரியும். யார் சாப்பிடாமல் தட்டைக் கழுவுகிறார்கள், யார் யாரோடு உட்காருவதில்லை என்பதெல்லாம் பரிமாறும்போது கண்ணில் படும். டீச்சரிடம் நாமாகப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவோம். உங்கள் பள்ளி ஆயாவிடம் நீங்களாகக் கேளுங்கள். நிறையச் சொல்வார்கள்.

கீழத்தெரு டீச்சர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

உடனே பதில் எழுதாததற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு அப்புறம்தான் அவன் கணக்கைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவன் மொட்டிலும் நல்ல இடத்தில் இருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜூனிலிருந்து ஒரே பாயில் உட்காரவைத்திருக்கிறேன். ஆயாவிடம் கேட்டேன். "அவங்க வீட்ல ஆடு மேய்க்கிறாங்க டீச்சர், சாயங்காலம் பட்டியில அடைக்கிறப்ப அவன்தான் எண்ணுவான்" என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் வருகை எழுத மாட்டேன் என்றான். மூன்றாம் நாள் நான் வகுப்புக்குள் வரும் முன்னாலேயே எழுதியிருந்தான். இப்போது கணக்குக்கு மொட்டுப் பாய், தமிழுக்குக் காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம் நானும் அவனும் மட்டும். ஆடு, குட்டி, பட்டி என்று அவன் சொல்லும் சொற்களைத்தான் எழுதுகிறோம். 'பட்டி'யிலிருந்து 'பட்டம்' வர நாலு நாள் ஆனது. கூட்டெழுத்துப்போல வேகமாகச் சொல்லாமல் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, கடைசியில் சேர்த்துச் சொன்னான். தங்கை பக்கத்தில் இல்லை. ஆனாலும் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

கொல்லிமலை சார், கூடை வைத்துவிட்டேன். வரிசை பாதியாகக் குறைந்திருக்கிறது. திங்கள்கிழமைப் படம் நன்றாகப் போகிறது. உங்கள் வகுப்புப் பெண்ணுக்கும் நிலையைப் பாடவாரியாகப் பார்த்தீர்களா, சொல்லுங்கள்.

பல்லாங்குழியில் ஒரு தொல்லை. சத்தம். அடுத்த அறையிலிருந்து தலைமை ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். வேப்பமரத்தடிக்கு மாற்றியிருக்கிறேன், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு.

அக்கா, இன்னொரு கேள்வி. கொட்டையை டப்பாவில் மூடி வைத்தேன். இந்த வாரம் திறந்தால் வண்டு விழுந்து பாதியில் ஓட்டை. 412 எண்ணி வைத்திருந்தோம், பிள்ளைகளுக்கு ரொம்ப வருத்தம். வறுத்து வைக்கலாமா?

புளியமரத்தடி எழுதியது:

வறுக்காதே, தின்றுவிடுவார்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறியதும் காய்ந்த வேப்பிலையைப் போட்டு மூடு. ஓட்டை விழுந்ததைத் தனியாகப் பொறுக்கச் சொல். நல்லது எத்தனை, சொத்தை எத்தனை, இரண்டும் சேர்ந்தால் 412 வருகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்.